எறும்பைக்கூட மிதிக்காத சாந்தினி

கார் நிறுத்துமிடத்து வாசலில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதற்குள் ஒரு பெண் உட்கார்ந்து, நாம் நீட்டுகிற சீட்டை வாங்கிக்கொண்டு தடுப்புக் கம்பியைத் தூக்கிவிடுவாள். அவள் முகத்தை நாம் பார்ப்பதில்லை. சாந்தினி அப்படி ஒரு கூண்டில்தான் பல வருடமாக உட்கார்ந்திருந்தாள். ஆனால் அவள் முகத்தைப் பார்க்காமல் யாரும் வெளியே போனதில்லை. பார்த்து ஒரு தேங்க்யூ சொல்லாவிட்டால் கம்பி எழும்பாது. டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனுஷர் ஆரன் அடித்துப் பார்த்தாராம். இவள் உள்ளே உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாளாம். பின்னால் நின்ற வரிசை ரோட்டுக்கு வந்த பிறகு டத்தோ தேங்க்யூ சொன்னார்.

நானும் என் வீட்டுக்காரர் சிவநேசனும் மார்க்கெட் ஸ்ட்ரீட் முனையில் அப்பமும் இடியப்பமும் விற்கிறோம். சாந்தினி வேலைக்குப் போகுமுன் எங்களிடம்தான் சாப்பிடுவாள். என்னை அக்கா என்பாள். என் வீட்டுக்காரரை ஒன்றும் சொல்லமாட்டாள், ஏனென்றால் அவர் பதில் பேசமாட்டார். பதில் பேசாத ஆளிடம் பேசி என்ன பயன் என்பது அவள் கட்சி.

அந்தக் கட்டடத்துக்காரர்கள் ஒருநாள் கூண்டை எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். இனி கார்டைத் தட்டினால் கம்பி தானே தூக்கிக்கொள்ளுமாம். சாந்தினி வந்து அப்பத்தைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்.

"மிஷினுக்கு தேங்க்யூ சொல்ல வேணாம்ல அக்கா, அதான் எல்லாருக்கும் சந்தோஷம்."

வேலை போனதைவிட வேறொன்றுதான் அவளுக்குப் பயம். அவளுக்கு வயது நாற்பத்தொன்று, கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டில் இருக்கிறாள். விஷயம் தெரிந்த அன்றே அண்ணி சொல்லிவிட்டாள்: "அதுக்கென்ன சாந்தினி, வீட்டோட இருந்து புள்ளைங்களப் பாத்துக்கலாமே." கேட்க எவ்வளவு இனிமையாக இருக்கிறது! புள்ளைகளோடு சமையல், துணி, அம்மாவுக்கு மருந்து, பூனை எல்லாம் சேர்ந்துதான் வரும், சம்பளம் மட்டும் வராது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அந்த வீட்டுப் பூனைக்கும் தெரியும் என்று நினைக்கிறேன்.

அப்போதுதான் என் மகள் ஷர்மினி தன் போனில் ஒரு வேலையைக் கண்டுபிடித்தாள். அவள் ஓர் ஆபீசில் வேலை செய்கிறாள், இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. எங்கள் தீவுக்கு எதிரே, அக்கரையில், புக்கிட் தெங்காவில் ஒரு பெரிய டோபி கம்பெனி. ஆஸ்பத்திரி, ஹோட்டல் படுக்கை விரிப்பெல்லாம் லாரி லாரியாக வந்து, வெளுத்து, மடித்துத் திரும்பிப் போகிற இடம். அங்கே ஷிப்டுக்கு ஒரு சூப்பர்வைசர் வேண்டும். நேப்பாளி, வங்காளதேசி, நம்மவர், மலாய்க்காரர் என்று எண்பது பேரைக் கட்டி மேய்க்கிற வேலை.

"ஆண்ட்டிக்குன்னே செஞ்சு வெச்ச வேலைம்மா" என்றாள் ஷர்மினி. மனு போட்டாள். இண்டர்வியூவுக்கு வரச் சொல்லிப் பதில் வந்தது. அதைப் படித்துச் சொன்னபோதுதான் எங்களுக்குத் தலை சுற்றியது.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். இண்டர்வியூ என்றால், 'நாளைக்கு வர்றியா?' என்று கேட்பார்கள், 'வர்றேன்' என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். இது வேறு மாதிரி. அரை நாள் நடக்குமாம். பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து பார்த்த ஒவ்வொரு வேலையையும் வரிசையாகச் சொல்லவேண்டும். எதற்குச் சேர்ந்தாய், என்ன சாதித்தாய், என்ன தப்புப் பண்ணினாய், யார் முதலாளி, ஏன் விட்டாய். அதற்குமேல் ஒரு கேள்வி: 'உன் முதலாளியிடம் நாங்கள் பேசினால் உன் குறை என்று எதைச் சொல்வார்?' அப்புறம் அவர்கள் நிஜமாகவே அந்த முதலாளிக்குப் போன் போடுவார்களாம்.

"சித்திரகுப்தன் வேலையை இவங்க எப்ப எடுத்தாங்க?" என்றேன்.

"குறை சொல்ற ஆளு வீட்டுலயே ஒருத்தி இருக்காளே" என்றாள் சாந்தினி. "எங்க அண்ணி நம்பரக் குடு. அரை நாள் பத்தாது."

ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் முடிந்து, வண்டியைத் துடைத்துவிட்டு, ஸ்டூலைப் போட்டு ஒத்திகை ஆரம்பித்தோம். ஷர்மினி மேனேஜர். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுகிற இன்னொரு மேனேஜர். என் வீட்டுக்காரர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"உங்களப் பத்திச் சொல்லுங்க" என்றாள் ஷர்மினி, குரலை மாற்றி.

"என்னைய உனக்குத் தெரியாதா? நீ டயப்பர் போட்ட காலத்துலருந்து பாக்குறேன்."

"ஆண்ட்டி, நான் இப்ப மேனேஜர்லா."

"மேனேஜர்னா மொதல்ல உக்காரச் சொல்லு. நிக்க வெச்சே கேக்குற. என்ன கம்பெனி இது?"

உட்கார்ந்தாள். ஷர்மினி அடுத்த கேள்விக்குப் போனாள். "உங்க குறை என்ன?"

"ஒண்ணுமில்ல."

"அப்படிச் சொல்லக்கூடாது ஆண்ட்டி. ஒரு குறையச் சொல்லணும், ஆனா அது குறை மாதிரி இருக்கக்கூடாது. 'எல்லாமே ரொம்பச் சரியா இருக்கணும்னு நினைப்பேன், அதான் என் குறை', அந்த மாதிரி."

சாந்தினி என்னைப் பார்த்தாள். "அக்கா, உன் புள்ளைய எந்தப் பள்ளிக்கூடத்துல போட்ட? பொய்யக்கூட பொய் மாதிரி இல்லாமச் சொல்லச் சொல்லிக் குடுத்திருக்காங்க."

பிறகு வேலைகளை வரிசையாக எடுத்தோம். முதல் வேலை, பதினெட்டு வயதில், இதே தெருவில் இப்ராஹிம் பாயின் ஜவுளிக்கடை. அங்கே சேலை பிரித்துப் போடுகிற பெண்ணாகச் சேர்ந்து, மற்ற பெண்களுக்கெல்லாம் தலைவி ஆகிவிட்டாள். அப்புறம் பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக் ஃபேக்டரி. அறுபது பெண்களுக்கு லைன் லீடர் ஆகும்வரை போனாள். ஃபேக்டரியே வேறு நாட்டுக்குப் போய்விட்டது. அங்கே இவளுக்கு மேலே இருந்த ஊய் என்ற சீன அம்மாள் இப்போது மகளோடு ஆஸ்திரேலியாவில். அப்புறம் ஒரு காலேஜ் கேண்டீன், கொஞ்ச நாள். கடைசியாகக் கூண்டு.

"கேண்டீன ஏன் விட்டீங்க?"

"பருப்புல தண்ணி ஊத்தச் சொன்னாரு. ஊத்துனேன். இன்னும் ஊத்துன்னாரு. ஊத்துனேன். மறுபடியும் ஊத்துன்னாரு. 'மொதலாளி, இது பருப்பா, பருப்பு கழுவுன தண்ணியா?'ன்னு கேட்டேன். பிள்ளைங்க முன்னாடி கேட்டுட்டேன். அதான்."

"ஆண்ட்டி! 'கருத்து வேறுபாடு'ன்னு சொல்லுங்க."

"ஜவுளிக்கடைய ஏன் விட்ட?" என்று நான் கேட்டேன். அது எங்களுக்கே சரியாகத் தெரியாது. அந்தக் காலத்தில் நாங்கள் இங்கே வண்டி போடவில்லை. ஒரு தீபாவளி சமயத்தில் சண்டை என்று மட்டும் கேள்வி.

"அது இருக்கட்டும்" என்றாள். முகம் ஒரு மாதிரி ஆனது. அவளும் பாயும் ஒரே தெருவில் எதிரெதிரே வந்தால் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் செருப்பு வார் அறுந்துவிடும். குனிந்துகொள்வார்கள். இத்தனை வருடமாக இப்படித்தான்.

போன் வரும் என்று பாயிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும் என்று ஷர்மினி சொன்னாள். சாந்தினி போகமாட்டேன் என்றாள். நான் சொல்கிறேன் என்றேன்.

"ஆனா அக்கா, வேலை கீலைன்னு வாயத் திறக்காத. நடக்குறதுக்கு முன்னாடி சொன்னா நடக்காது."

இது எங்கள் எல்லாருக்கும் உள்ள நம்பிக்கைதான். வீடு வாங்கினால் சாவி கைக்கு வரும்வரை சொல்லமாட்டோம். பிள்ளை உண்டானால் மூன்று மாதம் தாண்டும்வரை சொல்லமாட்டோம். சொன்னால் கண்ணு பட்டுவிடும். அதனால் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகுமுன் பாய் இடியப்பம் வாங்க வந்தபோது, இலையை மடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னேன்.

"பாய், நம்ம சாந்தினியப் பத்தி விசாரிக்க உங்களுக்கு ஒரு போன் வரும். கொஞ்சம் நல்லபடியாச் சொல்லுங்க."

பாய் பையை வாங்காமல் நின்றார். "யாரு, என்னாம்மா?"

"முடியட்டும் பாய். முடிஞ்சதும் நானே வந்து சொல்றேன்."

பாய் வானத்தைப் பார்த்தார். இரண்டு கையையும் ஏந்தி ஏதோ சொல்லி முகத்தில் தடவிக்கொண்டார். "கவலைப்படாதம்மா. நான் பாத்துக்குறேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எவ்வளவு நல்ல மனுஷர், ஒரு வேலைக்கு இப்படி உருகுகிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

இண்டர்வியூ நாள் வந்தது. ஷர்மினியின் கறுப்புக் கால்சட்டையும் கோட்டும் போட்டுக்கொண்டு வந்து நின்றாள் சாந்தினி. மேல் பித்தான் போட்டால் மூச்சு வரவில்லை, போடாவிட்டால் மரியாதை இல்லை. பேசும்போது திறந்துகொள், கேட்கும்போது போட்டுக்கொள் என்று ஷர்மினி யோசனை சொன்னாள். நான் குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோவில் திருநீற்றைப் பூசிவிட்டேன். ஃபெரி ஏறி அக்கரைக்குப் போனாள்.

சாயங்காலம் வந்து சொன்னாள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம். மேனேஜர் ஒரு சீனர். இஸ்திரிப் பகுதித் தலைவி ஒரு மலாய் அம்மாள். ஆள் எடுக்கிற பிரிவில் இருந்து காமினி என்று நம் பெண் ஒருத்தி.

"மொதல்ல நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே பேசுனேன்க்கா. ஆமா சார், சரி சார், கருத்து வேறுபாடு சார். அந்த மேனேஜர் தூங்கிட்டாரு."

"தூங்கிட்டாரா?"

"கண்ணு திறந்துதான் இருந்துச்சு. ஆனா ஆளு இல்ல உள்ள. அப்புறம் ஃபேக்டரி கதைக்கு வந்தோம். லைன்ல ஒரு புள்ளைக்குக் கையில சூடு பட்டப்ப என்ன செஞ்சேன்னு கேட்டாங்க. லைன நிறுத்துனேன்னு சொன்னேன். யாரக் கேட்டு நிறுத்துனன்னாரு. 'யாரக் கேக்கணும், கை அவளோடது'ன்னேன். அப்பதான் நிமிந்து உக்காந்தாரு. அதுக்கப்புறம் எனக்கு நீங்க சொல்லிக்குடுத்ததெல்லாம் மறந்துபோச்சு. பித்தான கழட்டிட்டு பேசிட்டு வந்துட்டேன்."

"கெட்டுச்சு போ" என்றேன் நான்.

"இல்லக்கா. சிரிச்சாங்க. அந்த மலாய் அம்மா எனக்குக் கொய்யாப்பழம் வெட்டிக் குடுத்தாங்க. எனக்கு ஆசையா இருக்குக்கா அந்த வேலை மேல." அதைச் சொன்னபோது அவள் குரல் இறங்கிவிட்டது. சாந்தினி எதற்கும் ஆசை என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவள் எல்லாவற்றுக்கும் 'பாக்கலாம்' என்றுதான் சொல்வாள்.

அடுத்த வாரம் ஒரு காலை, நாங்கள் வியாபாரத்தில் இருக்கும்போது, தெருவைக் கிழித்துக்கொண்டு வந்தாள்.

"எங்க அந்த ஆளு?"

"யாரு?"

"பாய்!"

காமினி அவளுக்குப் போன் பண்ணியிருக்கிறாள். சொல்லக்கூடாதுதான், ஆனால் உங்களைப் பிடித்திருந்தது, அதனால் சொல்கிறேன் சிஸ் என்று ஆரம்பித்தாளாம். ஊய் அம்மாள் நன்றாகச் சொன்னார். ஆனால் முதல் முதலாளி சொன்னதுதான் குழப்பம். நீங்கள் அறுபது பெண்களை நடத்தினேன், லைனை நிறுத்தினேன் என்கிறீர்கள். அவரோ நீங்கள் இருக்கிற இடமே தெரியாது, வாயே கிடையாது, எறும்பைக்கூட மிதிக்கமாட்டீர்கள் என்கிறார். மேனேஜர், 'இதில் யாரோ ஒருத்தர் பொய் சொல்கிறார். எறும்பை மிதிக்காதவள் எண்பது பேரை எப்படி மேய்ப்பாள்? ஃபைலை மூடிவிடு' என்றுவிட்டார். அதைவிடப் பெரியது ஒன்று. மறுபடியும் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில். இன்று மதியத்துக்குள் ஏதாவது விளக்கம் இருந்தால் கூப்பிடுங்கள்.

"என்ன பதில் சொன்னாராம்?"

"திரும்பி வந்து கதவத் தட்டுனாக்கூட திறக்க மாட்டேன்னாராம்!"

நான் கரண்டியை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு அவளோடு நடந்தேன். நடக்கவில்லை, ஓடினேன். அவளை விட்டால் ஜவுளிக்கடையில் ஒரு பொம்மைகூட நிற்காது.

பாய் கல்லாவில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க, வாங்க! முடிஞ்சிருச்சா? எப்ப நிக்கா... இல்ல, உங்கள்ல எப்ப முகூர்த்தம்?"

நாங்கள் இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.

"என்ன முகூர்த்தம்?" என்றாள் சாந்தினி.

"மாப்புள்ள வீட்டுலருந்து போன் பண்ணாங்களே! யாரோ ஒரு பொண்ணு. ரொம்ப மரியாதையாப் பேசுச்சு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருடைய பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். கடைக்கு ஆள் சேர்க்க யாராவது இதுவரை யாரிடமாவது போன் போட்டு விசாரித்திருக்கிறார்களா? வேலை கேட்டு வந்தால் அன்று மத்தியானமே மூட்டை தூக்கச் சொல்வார்கள். நாற்பது தாண்டிய, கல்யாணம் ஆகாத ஒரு பெண்ணைப் பற்றி, முன்பின் தெரியாத ஒருத்தி போன் பண்ணி, குணம் எப்படி, கோபம் வருமா, நாலு பேரோடு ஒத்துப் போவாளா, என்ன குறை என்று கேட்டால் அதற்கு எங்கள் பக்கம் ஒரே அர்த்தம்தான். போதாததற்கு நான் வேறு இலை மடித்துக்கொண்டு ரகசியம் பேசிவிட்டு வந்திருக்கிறேன். கம்பெனி பெயரைச் சொன்னார்களாம். பையன் வேலை பார்க்கிற கம்பெனி என்று நினைத்துக்கொண்டாராம்.

"நான் என்னம்மா தப்பாச் சொன்னேன்? குணம் கேட்டாங்க, தங்கம்னேன். கோவம் வருமான்னாங்க. கோவமா, இந்தப் புள்ளைக்கா, எறும்பக்கூட மிதிக்காதுன்னேன். எதிர்த்துப் பேசுவாங்களான்னாங்க. வாயே கிடையாதுன்னேன். அல்லா மன்னிக்கணும், அதச் சொல்லும்போது எனக்கே இருமல் வந்துருச்சு. மீன் கறி நல்லா வெப்பான்னு நானாச் சேத்துச் சொன்னேன்."

"நான் சைவம் முதலாளி!"

"மாப்புள்ளைக்கு வெக்கணும்ல. ஏன் வேலைய விட்டாங்கன்னாங்க. அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல, பாத்துக்கப் போயிட்டான்னேன்."

"எங்கம்மா அப்ப கல்லு மாதிரி இருந்தாங்க!"

"கடைசியா, திரும்பி வந்தா சேத்துப்பீங்களான்னு கேட்டாங்க. கல்யாணமாகி ஒரு மாசத்துல கோவிச்சுக்கிட்டு இங்க ஓடி வந்துருவாளோன்னு மாப்புள்ள வீட்டுக்குப் பயம்போலருக்குன்னு நினைச்சேன். பயப்படாம கூட்டிட்டுப் போங்க, கதவத் தட்டுனாலும் திறக்க மாட்டேன்னு தைரியம் குடுத்தேன்."

சாந்தினி கண்ணாடி மேசையைப் பிடித்துக்கொண்டாள். அழப்போகிறாளா சிரிக்கப்போகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான்தான் விவரம் சொன்னேன். வேலை, சூப்பர்வைசர், எண்பது பேர், மதியத்துக்குள் போன் பண்ணாவிட்டால் போச்சு. போனால் அண்ணி வீட்டுச் சமையலறை.

பாய் மெதுவாக உட்கார்ந்தார். "அப்ப மாப்புள்ள இல்ல."

"இல்ல."

"டோபியா?"

"டோபி."

மிச்சத் தேநீரையும் ஏமாற்றத்தையும் சேர்த்து விழுங்கினார். "இப்ப நான் என்ன செய்யணும்?"

"உண்மையச் சொல்லுங்க" என்றாள் சாந்தினி. "நான் எப்படிப்பட்டவன்னு அவங்ககிட்டச் சொல்லுங்க."

"அது முடியாதும்மா."

"ஏன்?"

"ஒரு ஆளப் பத்தி அவங்க இல்லாத எடத்துல குறை சொல்றது எங்களுக்குப் பெரிய பாவம். புறம் பேசுறது. செத்த சகோதரனோட மாமிசத்தத் தின்ன மாதிரி. பொய் சொன்னது ஒரு பாவம், அதுக்கு மன்னிப்புக் கேட்டுக்குறேன். அதத் திருத்துறதுக்கு இன்னொரு பாவமா?"

சாமி விஷயத்தில் நான் யாரையும் கட்டாயப்படுத்தமாட்டேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு கப்பித்தான் பள்ளிவாசல் இருக்கிற பக்கமாகப் பார்த்தார். உதட்டுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். சட்டென்று முகம் தெளிந்தது.

"அவங்க இல்லாத எடத்துலதானே தப்பு? நீ இங்கயே நில்லு. உன் முகத்துக்கு முன்னாடி சொல்றேன். நீயே கேட்டுச் சொல்லச் சொல்ற. அது புறம் ஆவாது."

"நிக்கிறேன்."

"கிட்ட வந்து நில்லு. அப்புறம் நான் கேக்கலன்னு சொல்லக்கூடாது."

நான் சாந்தினியின் போனை வாங்கி, ஸ்பீக்கரைப் போட்டு, இரண்டு பேருக்கும் நடுவே தீபம் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டேன். காமினி எடுத்தாள். பாய் தொண்டையைச் செருமினார்.

"வணக்கம்மா. நான்தான் ஜவுளிக்கடை இப்ராஹிம். அன்னைக்கு நீங்க கேட்டது வேற விஷயம்னு நினைச்சுப் பேசிட்டேன். கல்யாணத்துக்கு விசாரிக்கிறீங்கன்னு நினைச்சுட்டேன்."

"அதான் மீன் கறியா சார்?" என்றாள் காமினி.

"அதேதான். இப்ப உண்மையச் சொல்றேன். அந்தப் புள்ள இங்கதான் நிக்கிது, முகத்துக்கு முன்னாடிதான் சொல்றேன். அவளுக்கு வாய்..." நிறுத்தினார். "கொஞ்சம் உண்டு. ஆனா மனசு தங்கம்."

"தங்கத்த விடுங்க" என்று சாந்தினி பல்லைக் கடித்தாள். "ஷட்டர் கதையச் சொல்லுங்க."

"சொல்றேன், இரு. ஒரு தீபாவளி சமயம்மா. கடையில நிக்க எடமில்ல. நான் அசர் தொழப் போயிட்டு வர்றேன், என் கடை ஷட்டர் எறங்கியிருக்கு! சனம் எல்லாம் வெளிய ரோட்டுல நிக்கிது. தட்டுறேன். உள்ளருந்து இவ, 'புள்ளைங்க காலையிலருந்து சாப்புடல, சாப்புட்டுத் தெறக்குறோம்'ங்குறா. யாருக்கு? எனக்கு! முதலாளிக்கு! ஒரு மணி நேரம் வெளிய நின்னேன்மா."

"அரை மணி நேரம்."

"ஒரு மணி நேரம்."

"முதலாளி, சோத்துப் பொட்டலத்தப் பிரிச்சுத் திங்க எதுக்கு ஒரு மணி நேரம்? மொதநாளும் அப்படித்தான், ஒரு புள்ள சேலைக்கட்டு மேலயே மயக்கம் போட்டு விழுந்துச்சு. அதச் சொல்லுங்க!"

"அது எனக்கு அப்பத் தெரியாது."

"தெரியாதா? உங்க மச்சானுக்குத் தெரியும். கல்லாவுல உக்காந்து பிஸ்கட்ட நனைச்சு நனைச்சுத் தின்னுக்கிட்டு, 'தீபாவளி முடியட்டும், அப்புறம் மயங்குங்க'ன்னாரு."

"மச்சான இழுக்காத. மௌத்தாப் போயிட்டாரு."

"அவர் இருந்தப்பவும் நேரா இதத்தான் சொன்னேன்."

"வந்த சனமெல்லாம் எதிர்க்கடைக்குப் போயிருச்சும்மா" என்று பாய் போனைப் பார்த்து முறையிட்டார்.

"ஒருத்தர் போகல! வெளிய நாற்காலி போட்டு, எல்லாருக்கும் ரோஸ் சீராப் தண்ணி குடுக்கச் சொல்லிட்டுத்தான் ஷட்டர எறக்குனேன். ஒரு பாட்டி அங்கயே பேரனுக்குச் சட்டை அளவு பாத்துக்கிட்டிருந்துச்சு."

"அந்தத் தண்ணியும் என் கடைக் காசு!"

"பின்ன என் காசா?"

இரண்டு பேரும் போனை மறந்துவிட்டார்கள். நான் தீபத்தைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தேன். சேலை பார்க்க வந்த இரண்டு பெண்கள் சேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். போனுக்குள்ளே யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம். பக்கத்தில் இன்னோர் ஆண் குரல், என்ன சொல்கிறார்கள் என்று மலாயில் கேட்டது. காமினி மொழிபெயர்ப்பதும் கேட்டது. ஷட்டருக்கு வந்ததும் அந்த ஆள் 'ஹா' என்றார்.

"சார்" என்றாள் காமினி, "அன்னைக்குக் கேட்ட கடைசிக் கேள்விய மறுபடியும் கேக்குறேன். இப்ப வந்தா சேத்துக்குவீங்களா?"

பாய் சாந்தினியைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். இந்தத் தடவை யாருடைய செருப்பு வாரும் அறுந்துபோகவில்லை.

"அன்னைக்குச் சண்டையில வேலைய விட்டுட்டுப் போயிட்டா. தீபாவளிக்கு மறுநாளே அவ வீட்டு வாசல்ல போயி நின்னேன்மா. இவதான் வரல."

"ஏன் சிஸ் போகல?"

"நான் செஞ்சது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வரச் சொன்னாரு" என்றாள் சாந்தினி. "சொல்ல முடியல. தப்பா இருந்தா சொல்லியிருப்பேன்."

"நீ சொல்லல" என்றார் பாய். "நானும் கேட்டிருக்கக்கூடாது." பிறகு போனைப் பார்த்து, "இதுதான் இவளோட குறை. எழுதிக்குங்க. நீங்க ஒரு நாள் வெளிய நிப்பீங்க" என்றார்.

வேலை கிடைத்தது. ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் என்று சொல்லியிருக்கிறார்கள். அண்ணிக்கு இரண்டு நாள் தலைவலி. அவள் சேர்ந்த அன்றே அந்த மேனேஜர், 'சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கைவைக்கமாட்டேன்' என்று சொன்னாராம். இப்போது விடியலுக்கு முன்னே ஃபெரி ஏறிவிடுவதால் எங்கள் அப்பத்துக்கு வருவதில்லை. விடுமுறை நாளில் வந்தாள். அங்கே கத்துகிறாயா என்று கேட்டேன்.

"மிஷின் சத்தத்துல எல்லாரும் கத்திதான்க்கா பேசணும். என்னைய யாரும் வாயாடின்னு சொல்லல. காது கேக்குதுன்னுதான் சொல்றாங்க."

நான் அன்று சாயங்காலமே மாரியம்மனுக்கு மாலை வாங்கிக்கொண்டு போனேன். ஐயர், என்ன வேண்டுதல் பலித்தது என்று கேட்டார். அவரிடம் எப்படிச் சொல்வது? இண்டர்வியூ என்று தெரிந்த நாளிலிருந்து நான் அம்மன் முன்னால் நின்று கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: தாயே, அந்தப் பெண்ணின் வாயை மட்டும் கொஞ்சம் அடக்கிக் கொடு. அம்மன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அதற்குத்தான் மாலை.